கால் கோட்டுக்கு மேலே மூன்று விரல்

"படுத்த உருளைத் தொட்டி. கால்வாசி உயரத்துக்குத் தண்ணி நிக்குது. தொட்டியில எவ்வளவு தண்ணி?" காய்ந்த ஏலத்தட்டைகளை அரிந்தபடியே கேட்டாள் பாண்டீஸ்வரி. "கால் தொட்டி" என்றேன், தோட்டத்தைப் பற்றி எழுதப் போயிருந்த நான். அரிவாள் மண்ணில் குத்தி நின்றது. "நீங்களும் அதத்தானா? பேனா வேற வச்சிருக்கீங்க!"

போடியில் எம்.எஸ்சி. கணிதம் படித்தவள். ஆசிரியர் வேலை அமையாமல், போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் பத்து வருடமாகக் கூலிவேலை. கிணற்றில் ஏறும் தவளை, எதிரெதிர் ரயில்களுக்கு நடுவே பறக்கும் ஈ என்று பழைய புதிர்களெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வழி சொல்லாமல் விடை மட்டும் சொன்னால் எரிந்து விழுவாள்.

"வெள்ளரிக்காய நீளவாக்குல சீவுங்க. மொதச் சீவல் ஒல்லி, நடுச்சீவல் அகலம். தொட்டி அடியும் அப்படித்தான். மெல்லிசு மெல்லிசா சீவி அத்தனையும் கூட்டணும். அதான் இண்டக்ரேஷன். கூட்டினா அஞ்சுல ஒண்ணுகூட முழுசா வராது."

கோடையில் தோட்டத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு டிராக்டர் தண்ணீர், படுத்த உருளைத் தொட்டியில் நாலாயிரம் லிட்டர். முக்கால் பங்கு ஏலநாற்றுக்கு. கடைசிக் கால் பங்கு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு. இருபத்தைந்து வீடு, வீட்டுக்கு நாலு பத்து லிட்டர் குடம். சூப்பர்வைசர் வீரணன், சமமாக நாலு பங்கு கோடு போட்ட குச்சியை விட்டுப் பார்த்து, கால் கோட்டில்தான் நாற்றங்கால் வால்வை மூடுவார். நூறு குடத்துக்கு எழுபத்தெட்டுதான் தேறும். கடைசி ஐந்து வீடும் வெறுங்குடத்தோடு திரும்பும்.

இரண்டு கோடையாக முதலில் பிடிக்கும் முன்வீட்டுக்காரிகளைத்தான் தண்ணீர்த் திருடி என்றார்கள். முதல் வீட்டுக் குருவம்மாளின் முடியைப் பிடித்து இழுத்தவளே பாண்டீஸ்வரிதான். "இம்புட்டுப் படிச்சும் தொட்டியப் பாக்காம அவ மூஞ்சியப் பாத்தேன். இந்தக் கைய வெட்டிப் போடலாம்."

கோட்டுக்கு மேலே மூன்று விரலில் வால்வை மூடினால்தான் நிஜக் கால் பங்கு என்று வீரணனிடம் கணக்கைச் சொன்னாளாம். "நாலுல ஒண்ணு கால். இதுக்கு எம்மெஸ்ஸி எதுக்கு ஆத்தா? சோலியப் பாரு" என்று இளித்தாராம். கேட்ட எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. தாகத்தில் இருப்பவர்களிடம் எவ்வளவு சுலபமாக இளித்துவிட முடிகிறது!

மறுநாள் டிராக்டர் வந்தது. தண்ணீர் நாற்றங்காலுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே பாண்டீஸ்வரி தொட்டிமேல் ஏறி, வீரணனிடமிருந்து குச்சியைப் பிடுங்கி உள்ளே விட்டுப் பார்த்தாள்.

"இன்னும் கோடு வரல ஆத்தா!"

"வராது. வரவும் விட மாட்டேன்."

வால்வை இறுக்கி மூடினாள். குச்சியை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். கால் கோட்டுக்கு மேலே மூன்று விரல் அகலம் ஈரமாக இருந்தது. பிறகு இறங்கி, முடியைப் பிடித்து இழுத்த அதே கையால் குருவம்மாளின் குடத்தை வாங்கி, முதல் குடமாகக் குழாயடியில் வைத்தாள்.