தீபாவளித் தட்டுகளும் அம்மாவின் திருவிருந்தும்

டிசம்பர் இருபத்து நான்காம் தேதி, பிற்பகல் நான்கு மணி, மூன்றாவது நாளாக விடாத தூறல். இடித்த அரிசி மாவு காயாமல் கட்டிலின் மேல் செய்தித்தாளில் பரந்து கிடக்க, கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீடு முழுவதும் அதன் ஈர வாடை. அப்போது எனக்கு ஒன்பது வயது.

தெருவில் கிறிஸ்தவர்கள் நாங்கள் மட்டும்தான். தீபாவளிக்கு எட்டு வீடுகளிலிருந்து எங்களுக்குப் பலகாரத் தட்டு வரும். அந்த எட்டுக்கும் கிறிஸ்துமஸ் காலையில் நாங்கள் பதில் தட்டு அனுப்ப வேண்டும். முறுக்கு, அதிரசம், மைதா மாவில் சுருட்டிப் பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்டும் ‘கலகலா’ என்று எதிலும் ஒன்று குறையக் கூடாது என்பது அம்மாவின் பிடிவாதம். அதனால் ஒவ்வோர் ஆண்டும் விடியற்காலை ஐந்து மணி ஆராதனைக்கு அப்பாவும் நாங்களும் புதுச்சட்டையில் கிளம்ப, அம்மா அடுப்படியில் நின்றுவிடுவார். “மனசுல ஜெபம் பண்ணிக்கோ, அது போதும்” என்று அப்பா ஆறுதலாகச் சொல்லிவிட்டுக் குடையை எடுப்பார். தங்கை பிறந்ததிலிருந்து அம்மா ஒரு கிறிஸ்துமஸிலும் ஆலயத்தில் திருவிருந்து எடுத்ததில்லை. இந்த வருஷமாவது போக வேண்டும் என்று அக்டோபரிலேயே சொல்லி வைத்திருந்தார். மற்ற இரண்டு பலகாரமும் தயார். முறுக்கு மாவை மட்டும் மழை கெடுத்துவிட்டது.

சல்லடையைத் திருப்பிக் கொடுக்கப் பின்கட்டு வழியாக வந்த சரோஜா அக்கா, மாவின் முன்னால் கண் சிவந்து உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். அடுத்த வீடு, கணவருக்கு ரயில்வேயில் வேலை. விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“இன்னா கிரேஸு, உங்க சாமிக்குப் பொறந்த நாளு. நீ எங்களுக்கு முறுக்கு சுட்டுகினு கீற. அவரு உன்னாண்ட முறுக்கு கேட்டாரா?”

முன்னறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அப்பா இருமினார். தட்டு வராவிட்டால் எட்டு வீட்டிலும் என்ன நினைப்பார்கள் என்று அம்மா இழுக்க, அந்த எட்டில் ஒன்று தன் வீடு என்பதை அக்கா நினைவுபடுத்திவிட்டுப் போனார்.

மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அக்காவும் எதிர்வீட்டு அம்மாள்கள் இருவரும் வந்து நின்றார்கள். மாவை வாணலியில் வறுத்து ஈரத்தைப் போக்கிவிடலாம் என்பது அவர்களின் யோசனை. வாங்கப் போகிறவர்களே வந்து சுடுவதா என்று அம்மா கூசினார்.

“எண்ணெய் உன்னுது, அடுப்பு உன்னுது. கை மட்டும்தான் எங்களுது. பொடவைய மாத்திகினு கெளம்பு.”

சின்னப் பையன் என்பதால் ஆலயத்தில் பெண்கள் வரிசையில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தேன். முதல் பாட்டு முடிந்ததும் அம்மா என் காதருகே குனிந்து, “உப்பு போட்டிருப்பாங்களா?” என்றார். பிரசங்கத்தின் நடுவில், சீரகமா ஓமமா என்று சொல்ல மறந்துவிட்டதாகக் கவலைப்பட்டார். பிறகு எழுந்து பீடத்தருகே போய் முழங்காலில் நின்று, திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கிக்கொண்டு திரும்பினார். அதன்பின் முறுக்கைப் பற்றிப் பேசவே இல்லை. ஆராதனை முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் சிறிது நேரம் உட்கார்ந்தே இருந்தார்.

முறுக்கில் உப்பு சரியாக இருந்தது, காரம்தான் தூக்கல். எட்டுத் தட்டுகளையும் நானும் அம்மாவும் கொண்டுபோய்க் கொடுத்தோம். சரோஜா அக்கா மூடியிருந்த துணியை விலக்கி ஒன்றைக் கடித்து, “நல்லா கீதே, யாரு சுட்டது?” என்று முகம் மாறாமல் கேட்டார். அம்மா சிரித்த சிரிப்பில் தட்டு ஆடியது.

இப்போது பெருங்களத்தூரில் மகன் வீட்டில், நான்காவது மாடியில் இருக்கிறேன். பின்கட்டு இல்லை, எதிர்வீட்டுக்காரரை எனக்குக் கதவு எண்ணாகத்தான் தெரியும், தவறு என்னுடையதாகவும் இருக்கலாம். போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாலைதான் அலுவலகத்தில் மருமகளை வீட்டுக்கு விட்டார்கள். எங்கள் மாடியிலும் கீழ்மாடியிலுமாகப் பன்னிரண்டு வீடுகளுக்குத் தன் கையால் கேக் செய்து கொடுப்பதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். அன்று இரவு ஏழு மணிக்கு, முதல் கேக் அடிப்பிடித்த வாசனையோடு வந்து சொன்னாள்: “மாமா, காலைல நீங்கல்லாம் போயிட்டு வாங்க. நான் அடுத்த வருஷம் வரேன்.”

அடுப்பை ஒப்படைத்துவிட்டுப் போக அந்தக் கட்டடத்தில் ஒருவரும் இல்லை. கேக் சுடும் மின் அடுப்பின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பேக்கரிக்குப் போன் போட்டேன். விலையைக் கேட்டதும் பேரம் பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை. காலையில் அவள் ஆராதனைக்கு வந்தாள், திருவிருந்தும் எடுத்தாள். கேக் பெட்டி ஒன்று இருநூற்று முப்பது வீதம் பன்னிரண்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கத் தொண்ணூறு; ஆக இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.