புதுத் தீவும் பழைய வில்வீராங்கனையும்

சிறு வயதில் ஆடிய ஆன்லைன் விளையாட்டில் புதிதாக ஒரு தீவைத் திறந்திருக்கிறார்களாம். திரும்பி வரும் பழைய ஆட்டக்காரர்களுக்கு ஒரு படகு இலவசம் என்று மெயில் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டத்தைத் தரவிறக்கினேன். முகப்பு இசையின் முதல் மணியோசையிலேயே ராஜகீழ்ப்பாக்கம் வீட்டு ஹாலுக்குப் போய்விட்டேன்.

சூடான மானிட்டரின் வாசனையும் சமையலறைத் தாளிப்பும் அந்த ஹாலில் கலந்தே இருக்கும். எனக்கும் அக்காவுக்கும் சேர்த்து ஒரே கணக்கு, ஆட்டத்தில் எங்களுக்காக ஓடும் ஒரே வில்வீராங்கனை. யார் எவ்வளவு நேரம் ஆடலாம் என்பதை அம்மா குக்கரை வைத்து முடிவு செய்வார். சாதம் வேகும்வரை அக்கா, பருப்பு வேகும்வரை நான். பருப்புக்கு விசில் அதிகம் என்று அக்கா கண்டுபிடித்த அன்று வீடு ரெண்டுபட்டது.

"இனிமே பருப்பு எனக்குத்தான்!" என்றாள் அக்கா.

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் அம்மாவிடம், "நாளைக்குக் கொண்டக்கடல வெச்சுடு. ஆளுக்குப் பாதி ஆடட்டும்" என்றார்.

பாஸ்வேர்டு நினைவிருந்தது. ஆனால், இந்தக் கணக்கை வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார் என்று திரை சொன்னது. எங்கள் வீராங்கனையை யாரோ திருடிவிட்டார்கள் என்று பதறி, பள்ளிக்கரணையில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"நான்தான்டி அது. நம்ம பழைய மெயில நானும் பாக்கறேன்ல? அஞ்சு நிமிஷம் இரு, தீவப் பாத்துட்டு வெளிய வந்துடறேன்."

பின்னாலிருந்து அவள் மகள் கத்தினாள்: "நம்பாதீங்க சித்தி! ஏழு மணிலேர்ந்து அங்கதான் இருக்காங்க. எங்களுக்கு இன்னும் டிபனே வரல!"