இட்டேரிக்கு அந்தப் பக்கம் எந்த நாடு?

எங்க மேனேஜர் மோகன்ராஜுகிட்டப் போயி கருப்புசாமின்னு பேரைச் சொல்லிப் பாருங்க, மூஞ்சி சுண்டிப் போயிரும். உலகச் சட்டத்தையே பொங்கலூர்ப் பக்கம் இழுத்துட்டு வந்து கட்டிப் போட்ட ஆளும்பாரு. பொய்யிங்க. இழுத்துட்டு வந்தது மோகன்ராஜு. கட்டிப் போட்டது மட்டுந்தான் கருப்புசாமி மாமா.

நான் கீதாஞ்சலி. துணிக்குச் சாயம் போடற இந்த டையிங் யூனிட்டுல கம்ப்ளையன்ஸ் கிளார்க். எங்ககிட்டத் துணி வாங்கற வெளிநாட்டு பையர் அனுப்பற கேள்வித்தாளுக்கெல்லாம் நல்ல புள்ளையாட்டம் பதில் எழுதறதுதான் என்ற சோலி.

கருப்புசாமி மாமாவுக்கு அறுவது தாண்டிருச்சு. இருவது வருசம் திருப்பூர்ல பனியன் கம்பெனியில அயர்ன் மாஸ்டர். இடுப்பு போனதும் வேலையை விட்டுப்போட்டு, எங்க யூனிட்டை ஒட்டின தன்ற தோட்டத்துக்கே வந்து அஞ்சு கறவை மாடு கட்டினாரு. பேச்சு கம்மி. மனுக் குடுக்கறதுன்னா மட்டும் அந்தக் காயிதத்தை இஸ்திரி போட்டுத்தான் கொண்டு போவாரு. மடிப்பு இருந்தா படிக்க மாட்டாங்கன்னு அவருக்கு ஒரு நெனப்பு. மடிப்பு இல்லாட்டியும் படிக்க மாட்டாங்கன்னு அவருகிட்டச் சொல்ல எனக்கு மனசு வல்லீங்க.

மனு எதுக்குன்னா, தண்ணிக்கு. எங்க யூனிட்டுல மூணு போர்வெல் ராவும் பகலும் ஓடுது. மாமாவோட ஒரே போர்ல தண்ணி வருசத்துக்கு வருசம் எறங்கிக்கிட்டே போச்சு. கடைசியில வந்த தண்ணியும் உப்புக் கரிச்சுது. மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கும். லாரித் தண்ணி வாங்கி ஊத்தி எத்தனை நாளைக்கு மாடு வளப்பீங்க?

யூனிட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவுல ஒரு இட்டேரி. ரெண்டு பக்கமும் கள்ளி வேலி, நடுவுல வண்டித்தடம். அந்தத் தடந்தான் ரெண்டு பஞ்சாயத்துக்கும் எல்லை. மாமா தன்ற பஞ்சாயத்துல போயிக் கேட்டா, "ஆலை அந்தப் பஞ்சாயத்துலீங்க, அங்க போங்க"ம்பாங்க. அங்க போனா, "உங்க போர் எங்க எல்லைக்குள்ள இல்லீங்களே"ம்பாங்க. நாலு வருசம் இப்படியே நடந்தாரு. பூமிக்கு அடியில ஓடற தண்ணி எல்லைக்கல்லைப் பாத்து நின்னு யோசிக்குமுங்களா? அட கெரகமே!

இப்பிடி இருக்கையிலதான் யூனிட்டுக்கு இன்னும் ரெண்டு போர், ஆயிரத்து முன்னூறு அடியில போடறதுன்னு முடிவாச்சு. அதே வாரம் பையர்கிட்ட இருந்து புதுக் கேள்வித்தாள். பதினேழாவது கேள்வி: "எல்லை தாண்டிய நிலத்தடி நீரைப் பகிர்ந்துகொள்கிறீர்களா?" மோகன்ராஜு போன்ல தமிழ்ப்படுத்திப் பாத்தாரு. எல்லைன்னா அவருக்கு இட்டேரிதான். "பகிர்ந்துகொள்வதுன்னு நல்ல வார்த்தையாப் போட்டிருக்கான், மார்க்கு எச்சா வரும் கீதாஞ்சலி"ன்னு 'ஆம்'ல டிக் போட்டாரு.

பையர் கேட்டது ரெண்டு நாட்டுக்கு நடுவுல இருக்கற எல்லையைங்க. பையர் பதறிப்போயி மெயில் போட்டான்: அப்படியானா புது போர் எதுவும் போடாதீங்க, ரெண்டு பக்கத்து மக்களையும் கூப்புட்டுக் கருத்துக் கேளுங்க, உலக நாடுகளோட நெறிமுறை அப்படித்தான்னு. கூட்டத்தை நடத்திக் குடுக்க டெல்லியில இருந்து ஒரு வக்கீலம்மாவையும் அனுப்பி வெச்சான்.

யூனிட்டு வாசல்ல பந்தல் போட்டோம். நூறு சேர், மிக்சர், காபி. ஷிப்டுல இருக்கறவங்களை விட முடியாதுன்னு மோகன்ராஜு சொல்லிட்டதால, பொதுமக்கள் கலந்துக்கிட்டது மொத்தம் ஒருத்தரு. கருப்புசாமி மாமா. வெள்ளை வேட்டியும் இஸ்திரி போட்ட மனுவுமா மொத வரிசையில உக்காந்திருந்தாரு.

வக்கீலம்மா பேசப் பேச நான் தமிழ்ல சொன்னேன். ஒரே ஊத்து ரெண்டு நாட்டுக்கு அடியில இருந்தா, ஒரு நாடு எடுக்கறதுல இன்னொரு நாட்டுக்குப் பெரிய கேடு வரக் கூடாது. எத்தனை எடுக்கறோம், என்ன தரத்துல இருக்குதுன்னு ஒளிக்காமச் சொல்லோணும். அங்க பொழைக்கிற சனங்களைக் கேக்கோணும்.

மாமா மெதுவா எந்திரிச்சாரு. "ஏனுங்கம்மா, ரெண்டு நாட்டுக்காரங்களுக்கு இத்தனை நாயம் இருக்குதுங்களா? ரெண்டு பஞ்சாயத்துக்கு நடுவுல பொழைக்கறவனுக்கு மட்டும் ஒண்ணுமில்லீங்களா?"

நான் இங்கிலீஷ்ல சொல்லி முடிச்சதும் வக்கீலம்மா என்னையப் பாத்துக் கேட்டாங்க: "ஆமா, இந்தத் தடத்துக்கு அந்தப் பக்கம் எந்த நாடு?"

"அந்தப் பக்கம் மாமாவோட மாட்டுக் கொட்டகைங்க மேடம்."

அந்தம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்திருச்சு. மோகன்ராஜுக்கு வேர்த்துக் கொட்டுது. ஆனா அந்தம்மா நாயமானவங்க. "உங்க கம்பெனி எல்லை இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கு. இவரு எதிர்ப்புச் சொல்லியிருக்காரு. இவரு தண்ணிக்குப் பதில் சொல்லி ரெண்டாவது கூட்டம் முடியற வரைக்கும் போர் போடக் கூடாது"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்க. நாலு வருசத்துல மாமாவோட மனுவை முழுசாப் படிச்ச மொத ஆளு அவங்கதான்.

மோகன்ராஜு விடுவாரா? மக்கா நாளே பையருக்கு லெட்டர்: "தவறுதலாக 'ஆம்' எனக் குறித்துவிட்டோம். எங்கள் ஆலைக்கும் திரு. கருப்புசாமியின் நிலத்துக்கும் நடுவே எல்லை என்று எதுவுமே இல்லை." சீல், கையெழுத்து எல்லாம் பக்கா. எல்லையை இல்லைன்னு ஆக்க ஒரு எழுத்தை மாத்தினாப் போதுமே. பையரும் சரின்னுட்டான். கூட்டமும் கிடையாது, கேள்வியும் கிடையாது. டைப் பண்ணுனது நாந்தானுங்க. கை கூசுச்சு. சம்பளம் வாங்கற கை, என்ன பண்றது? ஆனா தகவலை ஒளிக்கக் கூடாதுன்னு தமிழ்ல சொன்னதும் இதே வாய்தானே? ஒரு ஜெராக்ஸ் எடுத்து மத்தியானமே மாமா கையில குடுத்துட்டேன்.

படிச்சாரு. இன்னொருக்கா படிச்சாரு. "நெசமாலுமே சீல் வெச்சுத்தான் குடுத்திருக்காங்களா அம்மிணி?"ன்னாரு.

"ஆமாங் மாமா."

அதை இஸ்திரி போடக் கொண்டு போயிட்டாரு.

வியாழக்கிழமை காலையில ஒம்போது மணிக்கு போர் போடற வண்டி வந்துது. எங்க யூனிட்டுப் பின்னால போக இட்டேரியை விட்டா வேற வழி கிடையாது. வண்டி முக்குத் திரும்புனா, தடத்துக்குக் குறுக்கால அஞ்சு மாடும் கட்டியிருக்குது. முளைக்குச்சி அடிச்சு, தீவனம் போட்டு, மாமா பக்கத்துல கயித்துக் கட்டில்ல உக்காந்திருக்காரு.

மோகன்ராஜு ஓடியாந்தாரு. "ஏனுங்ணா, வழியில மாட்டைக் கட்டுனா என்னங்க அர்த்தம்? இது பொதுத்தடமுங்க. பஞ்சாயத்து எல்லைங்க."

"எல்லைங்களா?" மாமா காயிதத்தை எடுத்து நீட்டுனாரு. ஒரு மடிப்பு இல்லை. "நடுவால எல்லையே இல்லைன்னு உங்க கம்பெனி எழுதியிருக்குதுங்களே சார். எல்லை இல்லைன்னா என்ற நெலம் உங்க செவுரு வரைக்கும் வருதுங்க. என்ற நெலத்துல என்ற மாட்டைக் கட்டியிருக்கறேனுங்க."

போர் வண்டி டிரைவர் எறங்கி வந்து காயிதத்தை எட்டிப் பாத்தான். "சார், இது பட்டா தகராறாட்டம் இருக்குது. மொதல்ல பேசி முடிங்க, நான் இன்னொரு சைட்டு பாத்துட்டு வாறேன்"ன்னு வண்டியைப் பின்னுக்கு எடுத்தான்.

மோகன்ராஜு போனை எடுத்தாரு, வெச்சாரு. என்னைய ஒரு பார்வை பாத்தாரு. நான் மாட்டைப் பாத்துக்கிட்டேன். சொல்லட்டுமே பாக்கலாம்! எல்லை இல்லைன்னா வண்டி போக வழியில்லை. இருக்குதுன்னா ரெண்டாவது கூட்டம் போடோணும், மாட்டுத் தண்ணிக்குப் பதில் சொல்லோணும். வெயிலு ஏறிக்கிட்டே இருந்துது.

பத்தே முக்காலுக்கு அவரு வாயைத் தொறந்தாரு. "இருக்குதுங்க."

"என்னதுங்க சார் இருக்குது? சித்தெ சத்தமாச் சொல்லுங்க."

"எல்லை இருக்குதுங்ணா."

மாமா கட்டில்ல கெடந்த துண்டை எடுத்து ஒதறித் தோள்ல போட்டாரு. "அப்ப அதையும் சீல் வெச்சு எழுதிக் குடுங்க சார். அதுவரைக்கும் மாடு இங்கயே நிக்கட்டும். அம்மிணி, நீ போயி அந்த டெல்லியம்மாவுக்கு ஒரு போன் போடு."