சுருள்கோரையின் தட்டு

தொம்மலூரில் எங்கள் அடுக்ககத்தின் போர்வெல் வற்றி, லாரித் தண்ணீரை நம்பியிருந்த கோடை அது. “செடிகளுக்கு நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது” என்று வாட்ஸ்அப் குழுவில் அறிவித்ததே நான்தான். மீறியவர்களிடம் எரிந்தும் விழுந்திருக்கிறேன்.

ஆனால் என் பால்கனியில் ஒரு சுருள்கோரை இருந்தது. ஸ்பிரிங் மாதிரி சுருண்டு வளரும் அழகுச் செடி. தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும்; இல்லாவிட்டால் நுனி கருகிவிடும். அதனால் அதன் தட்டைக் குழாய்த் தண்ணீரால் நிரப்பிக்கொண்டேதான் இருந்தேன்.

எல்லார் பால்கனியும் காய்ந்து கிடக்க, என்னுடையது மட்டும் பச்சையாக நின்றது. எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டார்.

“ஆர்.ஓ. ஃபில்டர் கழிக்கிற வேஸ்ட் தண்ணியா ஊத்துறீங்க தம்பி?”

“ஆமாங்கக்கா” என்றேன். யோசிக்கவே இல்லை.

மறுநாள் காலை ஒரு பக்கெட்டோடு வந்து கதவைத் தட்டினார்.

“எங்க வீட்டு ஆர்.ஓ. வேஸ்ட் தண்ணி தம்பி. துளசிக்கு வேஸ்ட் தண்ணி ஊத்த மனசு வரல. நல்ல தண்ணி ஊத்தக் கூடாதுன்னு நீங்க சொல்லிட்டீங்க. அது காஞ்சே போச்சு. உங்க செடியாவது பொழைக்கட்டும்.”

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் வாங்கிக்கொண்டேன். சற்று முன்தான் குழாயைத் திறந்து தட்டை நிரப்பியிருந்தேன். அவர் தண்ணீரை ஊற்ற அதில் இடமில்லை.