பா சொல்லு பா

ஃபிலோமினா அக்கா போய்விட்டார். போல்ட் கடை அக்கா... காலையில் பல் தேய்த்துக்கொண்டே அவர் மகன் வைத்த ஸ்டேட்டஸைப் பார்த்தேன். நேற்று கடையில் உட்கார்ந்தபடியே ஹார்ட் அட்டாக்காம்.

வாயில் பேஸ்டோடு அப்படியே நின்றுவிட்டேன்.

பாண்டியில் பழைய வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் சின்னக் கடை. போல்ட், நட், வாஷர். வேறு எதுவும் கிடையாது.

அப்பா விட்டுப்போன பழைய பிரெஞ்சு கார் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது துடைக்க மட்டும்தான். நாலு வருஷம் முன்னால் மகள் கல்யாணம். "தாத்தா வண்டியிலதான் கோயிலுக்குப் போவேன்" என்று ஒரே பிடிவாதம்.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் போல்ட் நாலையும் மாற்றியே ஆகணும் என்றார். கழற்றி, இடது, வலது என்று பேப்பரில் எழுதிச் சுற்றிக் கொடுத்தார்.

நான் என் பங்குக்கு ஆன்லைனில் பளபளவென்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் வாங்கினேன். கல்யாண வண்டியாச்சே! நட்டில் ஏறவே இல்லை. அப்படித்தான் அக்கா கடைக்குப் போனேன்.

பழைய போல்ட்டைக் கவுன்ட்டரில் வைத்தேன். அக்கா அதன் மரையை நகத்தால் ஒரு தடவு தடவிவிட்டு நிமிர்ந்தார்.

"பா சொல்லு பா."

"சொல்லுங்கக்கா."

"நான் இன்னாத்த சொல்றது? பா சொல்லு பா!"

"அதான் வந்து நிக்கிறேனேக்கா... சொல்லுங்க."

கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். மரைக்கும் மரைக்கும் நடுவில் உள்ள இடைவெளி, நாம் பிட்ச் என்போமே, அதற்கு பிரெஞ்சில் 'பா'. அவர் அப்பா காலத்து மெக்கானிக்குகள் அந்தக் கடையில் விட்டுப்போன வார்த்தை. எனக்கு எங்கே தெரியும்...

"ஒம்பது எம்.எம்மு. பா ஒண்ணேகாலு" என்று அவரே சொல்லிக்கொண்டார். அளந்து பாருங்கள் என்றேன். எனக்காக வெர்னியரும் கேஜும் எடுத்து அளந்தார். ஒன்பது. ஒண்ணேகால்.

என் பளபள போல்ட்டைக் காந்தத்தில் வைத்தார். ஒட்டவில்லை.

"இது வைத்திக்குப்பத்துல மீன் புடிக்கிற போட்டுக்காரங்க வாங்கினு போறதுபா. துரு புடிக்காது, அவ்ளோதான். சக்கரத்துக்கெல்லாம் ஆவாது."

"அப்ப இருக்கறதுலயே கெட்டியா குடுங்க. பன்னெண்டு பாயின்ட் ஒன்பது!" போல்ட்டின் பலத்தைக் காட்டும் நம்பர் அது; கூகுள் பார்த்துவிட்டுப் போயிருந்தேன்.

"அவ்ளோ கெட்டி வாணாம். அது சொல்லாம கொள்ளாம ஒடையும். எட்டு பாயின்ட் எட்டு போடு. வளைஞ்சி காட்டும்."

பிறகு பேப்பரைப் பிரித்து நாலு போல்ட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"லெஃப்ட் ஸ்டியரிங்கா?"

நான் பிரெஞ்சு வண்டி என்று சொல்லவே இல்லை!

"ரொம்ப வருஷமா ஒரே ஆளு ஓட்டிருக்காரு. பக்கத்துல யாரும் உக்காரல. பாரு, இடது பக்கம்தான் தேஞ்சிருக்கு."

அம்மா போன பிறகு அப்பா பதினோரு வருஷம், தினமும் சாயந்திரம், தனியாக அந்த வண்டியில் பீச்சுக்குப் போய் வந்தார். வீட்டில் நாங்கள் யாரும் கூடப் போனதில்லை. அதைப் பற்றிப் பேசினதும் இல்லை. ஒரு போல்ட்டைப் பார்த்து இந்த அக்கா சொல்கிறார்!

ஒன்பது எம்.எம். ஸ்டாக் இல்லை. இப்போது யாரும் போடுவதில்லையாம். "மெக்கானிக் வண்டில இருக்கற ஓட்டைய பத்து எம்.எம்மாப் பெருசாக்கிடலாம்னு சொல்றாருக்கா" என்றேன். "ஓட்டைய தொட்டீன்னா பாத்துக்க. போ, போன் பண்றேன்" என்றார். கல்யாணத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது. கோபமாகத்தான் வீட்டுக்குப் போனேன்.

ஐந்தாவது நாள் போன் வந்தது. கடையை மகனிடம் விட்டுவிட்டு சேதராப்பட்டுக்கு பஸ்ஸில் போய், ஒரு லேத் பட்டறையில் பக்கத்திலேயே நின்று கடைந்து வாங்கி வந்திருந்தார். ஆறு போல்ட். நாலு போதுமே என்றேன். "ரெண்டு இருக்கட்டும்பா."

கல்யாணத்தன்று பூசை முடிந்து மண்டபத்துக்குக் கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன். பின் சீட்டில் மகளும் மாப்பிள்ளையும். அவள் மாலையைச் சரிசெய்வதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனவன், கேபிளுக்குத் தோண்டி மூடாத பள்ளத்தைப் பார்க்கவில்லை.

டமால்... இடது சக்கரம் மொத்தமாக இறங்கி ஏறியது. வண்டி நிற்காமல் நேராகப் போனது. "மெதுவாப்பா!" என்றாள் மகள், மாலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி.

மறுநாள் மெக்கானிக் கழற்றிக் காட்டினார். இடது பக்கத்து போல்ட் ஒன்று வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. உடையவில்லை.

எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். எல்லார் எதிரிலும் அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் போல்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ம்... சொல்லிச்சா?"

அவ்வளவுதான். அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். "பா சொல்லு பா."

போன மாதம் செக் பண்ண நாலு போல்ட்டையும் கழற்றிக் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ரெண்டு பக்கமும் ஒண்ணாத் தேயுது. வீட்டம்மா கூட வர்றாங்க போல."

ஆமாம் அக்கா. நீங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்ன அன்றிலிருந்து நான் அந்த வண்டியைத் தனியாக எடுப்பதில்லை. உங்களிடம் இதைச் சொல்ல நினைத்தேன்... கடையில் கூட்டம். வந்துவிட்டேன்.

சாயந்திரம் கல்லறைக்கு அந்த வண்டியில்தான் வருகிறோம். ரெண்டு பேரும்.

போய் வாங்கக்கா. ஒம்பது எம்.எம்மு... பா ஒண்ணேகாலு.