நூற்று நாற்பது மீட்டர்

சுரங்க அலுவலகத்தில் அந்த சர்வேயருக்கு ‘அரை அங்குலம்’ என்று பட்டப்பெயர். அளவு அரை அங்குலம் பிசகினாலும் ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது பையனின் உயரத்தைக் கண்ணாலேயே அளந்துவிட்டார் என்று வீட்டில் இன்னும் கேலி செய்வார்கள். அந்த மாப்பிள்ளைக்கும் அதே சுரங்கத்தில்தான் வேலை.

ஓர் இடத்தை இரண்டே எண்களில் சொல்லிவிடலாம். ஆனால் எதை ஆதாரமாக வைத்து அளந்தது என்று தெரியாவிட்டால் அந்த எண்கள் சல்லிக்காசு பெறாது. பூமி சரியான உருண்டை இல்லை. அதனால் அவருடைய நாடு பூமிக்கு ஒரு வடிவத்தைக் கணக்கில் வைத்து, ஒரு கல்லை நட்டு, அங்கிருந்தே எல்லா இடத்தையும் அளந்து வந்தது. செயற்கைக்கோள்கள் வந்த பிறகு கல்லைக் கைவிட்டு, பூமியின் மையத்தை வைத்து அளக்கும் புது ஆதாரத்துக்கு மாறியது. ஒரு பிடி மண்கூட நகரவில்லை, எண்கள்தான் மாறின. அந்த வட்டாரத்தில் வித்தியாசம் நூற்று நாற்பது மீட்டர். இதற்காக நடந்த பயிற்சியில் முதலாவதாக வந்தவரே நம் அரை அங்குலம்தான்.

சுரங்கம் சரிந்து மாப்பிள்ளையோடு ஆறு பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். பாறையைத் தட்டும் சத்தம் மேலே லேசாகக் கேட்டது. துளை போட்டுக் காற்று அனுப்ப வேண்டும். சுரங்கத்தின் பழைய வரைபடத்திலிருந்து அவர்தான் இடத்தைக் குறித்துக் கொடுத்தார். மூன்று முறை சரிபார்த்தார். ‘பழைய ஆதாரம்’ என்ற இரண்டு வார்த்தையை மட்டும் எழுதவில்லை. அந்த அலுவலகத்தில் எல்லாமே பழைய கணக்குதான் என்பதால் முப்பது வருடமாக அதை யாரும் எழுதியதில்லை. துளை போட வந்தவர்களின் கருவியோ புது ஆதாரத்தில் இருந்தது.

அவர் சுரங்க வாயிலில் மண் அள்ளுகிறவர்களோடு நின்றுவிட்டார். மகள் துளை போடும் இடத்தில் காத்திருந்தாள். இரண்டு நாள் கழித்து துளை போடுகிறவர்களின் மேஸ்திரி அவருடைய சீட்டோடு வந்தார். துளை வெறும் பாறையில் இறங்கியிருந்தது.

“சார், இது பழைய கணக்கா, புதுசா?”

அவர் சீட்டை வாங்கி ‘பழைய ஆதாரம்’ என்று எழுதிக் கொடுத்தார்.

மறு துளைக்கு இன்னும் இரண்டு நாள் ஆனது. அது உள்ளே திறந்தபோது தட்டும் சத்தம் நின்று ஒரு நாள் ஆகியிருந்தது.

யாரும் அவரைத் திட்டவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் மகளிடம் போய், தப்பு தன்னுடையது என்று சொன்னார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“முதல் நாளே துளை போட்டவங்களுக்குச் சந்தேகம் வந்துச்சுப்பா. சத்தம் வேற பக்கம் கேக்குதே, இடத்தை மாத்தலாமான்னு கேட்டாங்க. எங்கப்பா குறிச்சா அரை அங்குலம்கூடத் தப்பாதுன்னு நான்தான் தடுத்தேன்.”