சோலைச்சாமி மூடிய மண்

மண்ணைப் பற்றி ராஜபாளையத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் சோலைச்சாமியைத்தான் தேடி வருவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். மம்சாபுரத்தில் தலைச்சுமையாக மண் சுமந்து, மாட்டுவண்டி வாங்கி, டிராக்டர் வாங்கி, கடைசியில் ஜேசிபிக்குச் சொந்தக்காரர் ஆனவர். ஒருத்தன் தயவும் கிடையாது. இங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் பாதி வீடுகள் நிற்பது அவர் அடித்த மண்ணின் மேல்தான். இதை அவரே சொல்லுவார். சொல்லட்டுமே, உண்மைதானே.

அப்பேர்ப்பட்டவருக்குத்தான் மூடிப்போன சாயப்பட்டறை நிலத்து வேலை வந்தது. அவர் தெருவிலேயே, வீடுகளுக்கு நடுவே புல்கூட முளைக்காமல் கிடந்த இடம். விஷம் ஊறிய மண்ணை அள்ளிவிட்டு, நல்ல மண் போட்டு, அங்கன்வாடியும் குழந்தைகள் மைதானமும் அமைக்க அரசு நிதி ஒதுக்கியிருந்தது.

ஜேசிபி வாளி இறங்கிய அன்றே, துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல ஒரு ருசி அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டது. இடுப்பளவு தோண்டியும் கறுப்பு தீரவில்லை. அடியில் நீலமாய்க் கசிந்தது.

"போதும் அண்ணாச்சி, மூடிருங்க" என்றார் திட்டத்துப் பொறியாளர் மாரிசெல்வம்.

"கீழ இன்னும் கெடக்கே தம்பி?"

"நிதி இடுப்பளவு ஆழத்துக்குத்தான். அதுக்குக் கீழ போனா டீசல் உங்க கணக்கு."

சோலைச்சாமி மூடினார். மம்சாபுரம் கண்மாயிலிருந்து வண்டல் படிந்த கரம்பை மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, தாம்பாளம் போல நிரவிக் கொடுத்தார். நாக்கின் ருசி மட்டும் போகவில்லை. மாசியில் பருவம் தப்பி நல்ல மழை பெய்தது.

பங்குனியில் அம்மன் கோயில் பொங்கல். மறுநாள் மைதானம் திறப்பு. சோலைச்சாமியின் பேத்தியும் அங்கேதான் போகப் போகிறாள். பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு டீக்கடையில் சிறுவயதுச் சோட்டாளி தங்கச்சாமி சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்தார்.

"ஏலே சோலை, புண்ணுக்கு மேல பவுடர் அடிச்ச மாதிரில்ல இருக்கு ஒன் வேலை. எம் பேரன நான் அங்க விடமாட்டேன்."

"எம் மண்ணையா சொல்லுத? இந்த வருசம் எங்க வீட்டு முளைப்பாரி அந்த மைதானத்து மண்ணுலதாம்ல. ஊரே பாக்கட்டும்!"

"முளைக்கலேன்னா?"

"மீசைய எடுக்கேம்ல."

எங்கள் பக்கத்தில் முளைப்பாரி விளையாட்டுக் காரியம் இல்லை. பயறு விதைத்த சட்டிகளை ஓர் இருட்டறையில் வைத்துவிட்டால், வளர்ப்பவளைத் தவிர யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது. ஒரு வீட்டுச் சட்டி முளைக்காமல் போனால் அந்த வீட்டுக்கே ஏதோ வரப்போகிறது என்று பயப்படுவார்கள். அந்தத் தெருவுக்கு வளர்ப்பவள் பரிபூரணம். எல்லா வீட்டுச் சட்டியிலும் கண்மாய்க்கரை மண். சோலைச்சாமி வீட்டுச் சட்டியில் மட்டும் மைதானத்து மண்.

சாயங்காலம்தோறும் பெண்கள் கும்மி கொட்டினார்கள். நாள் போகப் போகப் பரிபூரணம் அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். "எப்படி இருக்கு தாயி?" என்று கேட்டால், "அம்மனக் கேளுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

பொங்கலன்று விடிந்ததும் அவளே அவரைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள். இருட்டறையின் திறந்த கதவு வழியே பார்த்தார். மற்ற சட்டிகளில் முழ உயரத்துக்கு இளமஞ்சளாய் நின்றது பயிர். அவருடைய சட்டியில் பயறு ஊதி, வெடித்து, கறுத்துக் கிடந்தது. மண்ணின் மேல் உப்புப் பூத்தது போல ஒரு நீலம்.

"உபரியா ஒரு சட்டி போட்டு வச்சிருக்கேண்ணே. மாத்திருவோம். ஈ காக்காய்க்குத் தெரியாது" என்றாள் மெதுவாக.

சோலைச்சாமி விரலால் மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தார். அதே ஆணி ருசி. கரம்பையில் குற்றமில்லை, கைதவறி விழுந்த விதைகூட முளைக்கிற மண் அது. கீழே அவர் வைத்து மூடியதுதான் மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.

"மாத்த வேண்டாம் தாயி. எஞ் சட்டிய எங்கிட்டக் குடு."

சட்டியை ஜேசிபியில் தன் காலடியில் வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார். தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள்.

"அண்ணாச்சி, நாளைக்குத் தெறப்பு!" என்று மாரிசெல்வம் குறுக்கே வந்து நின்றார்.

"எம் பேத்தி வெளையாடப் போற எடம் தம்பி. தள்ளு. டீசல் என் கணக்கு."

"மீசைய எடுக்கச் சொன்னா மைதானத்தையே எடுக்கானே!" என்றார் வேடிக்கை பார்க்க வந்த தங்கச்சாமி. முதல் வாளி மேலே வந்ததும் அவர் சிரிப்பு நின்றுபோனது. முழங்கால் ஆழத்திலேயே கரம்பை கறுத்திருந்தது. சோலைச்சாமி வாளியை இன்னும் இறக்கினார். குழியில் நீலத் தண்ணீர் தானாக ஊறி நிறைந்தது.

இது எதுவரைக்கும் போகிறது என்று பார்க்கத் தெருப்பக்கத்துச் சுவர் வரைக்கும் கீறிக்கொண்டே போனார். சுவரடியிலும் கறுப்புத்தான். அதற்கு அடியிலும் போயிருந்தது.

"செவுத்துக்கு அங்கிட்டுத் திட்டத்துல கெடையாது அண்ணாச்சி" என்றார் மாரிசெல்வம்.

சோலைச்சாமி எஞ்சினை நிறுத்தினார். அந்த அமைதியில், சுவருக்கு அப்பால் தெரு அடிபம்பு கிறீச்சிட்டது. பொங்கல் பானைக்குத் தண்ணீர் பிடிக்கும் பெண்களின் சிரிப்பு கேட்டது.

"பம்ப அடிக்காதீக!" என்று அடித்தொண்டையில் கத்தினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கோயில் மேளம் தொடங்கியது.